கடையாணி எங்கே கழன்றிருக்கிறது? சமூக டிஜிட்டல் பயிற்சி: ஓர் எளிய அறிமுகம்

1997 ஜனவரி 14, காலை நேரம். கேரளத்தின் வடகரா கடற்கரையில் 11 மீனவர்கள் தாங்கள் பிடித்துவந்த மீனை வாங்க ஆளில்லாமல் வீணாகக் கொட்டினார்கள். அதே வேளையில், 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருந்த மற்றச் சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆள் காத்திருப்பது மீனவர்களுக்குத் தெரியவில்லை, இங்கே மீன் மிஞ்சிக் கிடப்பது வாங்க வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர். 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் கைபேசி வசதி பகுதி பகுதியாக வந்தது. அதற்கு முன்பும் பின்பும் மீன் விலை என்ன ஆனது என்று அவர் பார்த்தார். மீனவர்கள் கடலில் இருந்தபடியே மீன் இறக்கும் நாலைந்து துறைகளுக்குப் போன் போட்டு, எங்கே விலை நன்றாக இருக்கிறதோ அங்கே படகைத் திருப்பத் தொடங்கியிருந்தார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவர்களின் லாபம் சுமார் 8% கூடியது, மக்கள் வாங்கும் விலை சுமார் 4% குறைந்தது. இந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ‘பார்த்தீர்களா, கையில் போன் கொடுத்தால் போதும்’ என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த மீனவர்களுக்கு மீன் பிடிக்கத் தெரியும். படகு இருந்தது. எந்தத் துறையில் யார் வாங்குவார் என்று தெரியும், பேரம் பேசவும் வரும். இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: ‘இப்போது அங்கே என்ன விலை?’ என்ற தகவல். பூட்டித் தயாராக நின்ற வண்டியில் கடையாணி மட்டும் இல்லை. போன் வந்ததும் வண்டி ஓடிவிட்டது. வகுப்பு எடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மற்றவர்களுக்கு நிலைமை அவ்வளவு எளிதல்ல. ஒருவரிடம் தொழில் இருக்கும், வாங்குபவர் இருக்க மாட்டார். இன்னொருவரிடம் போன் இருக்கும், அதில் பணம் வாங்கப் பயம். வேறொருவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் போன் கணவரிடம் இருக்கும். உள்ளூர் வாழ்வாதாரத்துக்கான டிஜிட்டல் திறன்களைக் கற்றுத்தரும் சமூகப் பயிற்சித் திட்டம் என்பது, எனக்குப் புரிந்தவரை, எந்த வண்டியில் எந்த ஆணி கழன்றிருக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்துப் பூட்டித் தரும் வேலை. கணினி சொல்லித்தருவது அதில் ஒரு பகுதிதான்.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம்

முதலில் ‘சமூக’ என்ற சொல். பள்ளியிலோ கல்லூரியிலோ பாடத்தை யாரோ எங்கோ முடிவு செய்திருப்பார்கள். மாணவர் அங்கே போய்ச் சேர வேண்டும். சமூகப் பயிற்சியில் இது தலைகீழ். நூலகம், சமுதாயக் கூடம், யாராவது ஒருவரின் வீட்டு முன்னறை என்று மக்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்குப் பயிற்சி வரும். எத்தனை மணிக்கு வகுப்பு என்பதைக் கற்பவர்களின் வேலைநாள் முடிவு செய்யும். சொல்லித்தருபவர் முதலில் வெளியூர்க்காரராக இருக்கலாம். சீக்கிரமே அந்த இடத்துக்கு உள்ளூர் ஆள் ஒருவர் வந்துவிட வேண்டும். வராவிட்டால் திட்டத்தின் பணம் தீரும் நாளில் பயிற்சியும் தீர்ந்துவிடும்.

அடுத்தது ‘டிஜிட்டல் திறன்’. இதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2013-இல் வெளியிட்ட டிஜ்காம்ப் என்ற சட்டகம் இதை ஐந்தாகப் பிரிக்கிறது. தகவலைத் தேடி அது சரியா என்று பார்ப்பது, மற்றவர்களோடு தொடர்புகொள்வது, எழுத்தோ படமோ வீடியோவோ சொந்தமாக உருவாக்குவது, பாதுகாப்பு, சிக்கல் வந்தால் தீர்ப்பது. பல வகுப்புகளில் முதல் இரண்டும் நன்றாக நடக்கும், மூன்றாவது கொஞ்சம் நடக்கும். கடைசி இரண்டுக்கு நேரம் இருக்காது. வீட்டுக்குப் போன மறுநாள் தேவைப்படுவதோ அந்தக் கடைசி இரண்டுதான்! ஆப் திடீரென்று பாஸ்வேர்டு கேட்கும். ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று குறுஞ்செய்தி வரும். அப்போது பக்கத்தில் ஆசிரியர் இருக்க மாட்டார்.

மூன்றாவது ‘உள்ளூர் வாழ்வாதாரம்’. வேலை என்று சொல்லாமல் வாழ்வாதாரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்குவது அதில் ஒரு வகை மட்டுமே. பலருடைய வருமானம் கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் கூலி, வீட்டிலிருந்தே செய்யும் ஒரு சிறு தொழில் என்று துண்டு துண்டாக வருவது. அந்தத் துண்டுகளில் ஏதாவது ஒன்று சற்றுப் பெரிதானாலே குடும்பத்துக்கு அது நிஜமான மாற்றம்.

ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்வோம்

மூன்றும் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க, வீட்டில் துணி தைத்துக் கொடுக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தையல் அருமையாக வரும். வாடிக்கையாளர்கள் எல்லாரும் பக்கத்துத் தெருக்காரர்கள். வருமானம் கொஞ்சம் கூட வேண்டும்.

வழக்கமான கணினி வகுப்பில் இவர் என்ன கற்பார்? கணினியை எப்படி இயக்குவது, கோப்பை எங்கே சேமிப்பது, விண்ணப்பக் கடிதத்தை எப்படித் தட்டச்சு செய்வது. கடைசி நாளில் சான்றிதழும் புகைப்படமும். எல்லாம் நல்லதுதான். ஆனால் இவருக்கு ஒரு ஆர்டர்கூட இதனால் கூடாது.

இவருடைய வேலையிலிருந்து தொடங்கினால் பாடமே வேறு மாதிரி இருக்கும். தைத்த துணியை நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்பது முதல் பாடம். ஜன்னல் பக்கம் வைத்து எடுத்தால் நிறம் சரியாக வரும் என்பது எந்தக் கணினிப் புத்தகத்திலும் இராது, இவருக்கோ அதுதான் விற்பனை. அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸில் படங்களை அடுக்கி விலை போடுவது. வாடிக்கையாளர் அனுப்பும் அளவுகளைக் குழப்பமில்லாமல் குறித்துவைப்பது. முன்பணம் வாங்குவது. க்யூஆர் கோடு ஒட்டி வைத்தால் மட்டும் போதாது, பணம் நிஜமாகவே வந்துவிட்டதா என்று தன் கணக்கில் பார்க்கவும் தெரிய வேண்டும். எதிரில் நிற்பவர் காட்டும் ‘பணம் அனுப்பியாயிற்று’ திரையை நம்பி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். பார்சல் அனுப்புவது, திரும்பி வந்தால் என்ன செய்வது, யாரோ ஒருவர் மோசமான ரிவ்யூ எழுதினால் கோபப்படாமல் பதில் எழுதுவது எல்லாம் அதற்குப் பிறகு.

இதில் பாதி டிஜிட்டல், மீதிப் பாதி வியாபாரம். இரண்டையும் பிரித்துத் தனித்தனி வகுப்பாக நடத்தும் திட்டங்கள் ஏன் சோர்ந்துபோகின்றன என்பது இப்போது புரியும்.

இது எங்கே தொடங்கியது

இந்த யோசனை புதிதல்ல. 1985-இல் ஸ்வீடனின் மலைப்பகுதியில் உள்ள வெம்டாலன் என்ற சிற்றூரில் ‘தொலைத்தொடர்புக் குடில்’ ஒன்று திறக்கப்பட்டது. உலகில் இந்த வகையில் முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். கணினியும் தொடர்பு வசதியும் ஊருக்குப் பொதுவாக இருக்கும், யாரும் வந்து கற்கலாம், அங்கிருந்தே நகரத்து வேலையைச் செய்யலாம். ஊரைவிட்டு ஆட்கள் வெளியேறுவதைத் தடுப்பதுதான் நோக்கம். இன்று ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று புதுமைபோலப் பேசுகிறோம்!

இதை வறுமையோடு இணைத்துப் பார்த்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு தலைமை மையம். அங்கிருந்து தகவல் தமிழில் கிராமங்களுக்குப் போகும். கிராமத்தார் இடம் கொடுக்க வேண்டும், மையத்தை நடத்த உள்ளூர்த் தன்னார்வலர்கள் முன்வர வேண்டும், எல்லாத் தரப்பு மக்களும் உள்ளே வரலாம் என்பதை ஏற்க வேண்டும். இந்த நிபந்தனைகளில் கடைசியானது சாதாரண விஷயமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்த முன்னறிவிப்பு கிடைத்தது. மையத்தார் அதை எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கேட்டவர்கள் ஒருவரும் கணினியைத் தொடவில்லை. ஊரில் ஒருவருக்குத் தெரிந்தது ஊருக்கே பயன்பட்டது. ‘ஒவ்வொருவரும் கற்றே ஆக வேண்டும்’ என்று நினைக்கும் திட்டங்களுக்கு இது நல்ல மறுப்பு. 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி பற்றிச் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாடு கிராமத்தில் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். வாழ்வாதாரத்துக்காக வைத்த கருவி உயிரையும் காத்தது.

பெட்டியைக் கொடுத்தால் போதுமா?

சறுக்கிய கதைகளிலிருந்துதான் நான் அதிகம் கற்றேன் என்பேன்.

அயர்லாந்தில் என்னிஸ் என்று ஓர் ஊர், சுமார் 15,000 பேர். 1997-இல் ஒரு தொலைபேசி நிறுவனம் நடத்திய போட்டியில் வென்று ‘தகவல் யுக நகரம்’ ஆனது. வீட்டுக்கு வீடு கணினி, இணைய இணைப்பு எல்லாம் வந்தன. அங்கே வேலையில்லாதவர்கள் உதவித்தொகைக்காக வாரம் மூன்று முறை அலுவலகம் போய்க் கையெழுத்துப் போடுவது வழக்கம். இனி வீட்டிலிருந்தே கணினி வழியாகச் செய்யலாம் என்றார்கள். மார்க் வார்ஷவர் என்ற ஆய்வாளர் பிறகு என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறார். அந்த அலுவலகப் பயணம்தான் அவர்கள் நாலு பேரைப் பார்த்துப் பேசும் வாய்ப்பு. அது போய்விட்டது. கணினியை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சரியாகச் சொல்லித்தரவும் இல்லை. பல கணினிகள் கள்ளச்சந்தையில் விலைபோயின என்று சொல்லப்பட்டது. அவர்கள் பழையபடி நேரில் போய்க் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள்.

1999-இல் டெல்லி கல்காஜியில் சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர் ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்தார். பயிற்சி இல்லாமல் குழந்தைகள் தாங்களே கற்றுக்கொண்டது உலகச் செய்தியானது. அதே வார்ஷவர் அந்த முயற்சியையும் போய்ப் பார்த்தார். குழந்தைகள் பெரும்பாலும் படம் வரைவதிலும் விளையாட்டிலும் நேரம் கழித்தார்கள், அவர்களின் மொழியில் உள்ளடக்கம் அதிகம் இல்லை என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. தொட்டுத் தடவிக் கற்கும் ஆர்வம் குழந்தைகளிடம் நிறைய இருக்கிறது. ஆனால் நாற்பது வயதில் கூலிவேலை முடித்துவிட்டு வருபவருக்குத் தடவிப் பார்க்க நேரமும் இல்லை, தவறாகத் தொட்டுவிட்டால் பணம் போய்விடுமோ என்ற பயமும் உண்டு.

அந்தப் பயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் கேள்வி கேட்காமல் தலையாட்டிக்கொண்டிருப்பவர் புரிந்துகொண்டார் என்று அர்த்தமில்லை. கருவி கெட்டுவிடும் என்ற பயம், மற்றவர் முன்னால் அசட்டுத்தனமாகத் தெரிவோம் என்ற கூச்சம், மோசடியில் மாட்டுவோம் என்ற அச்சம் மூன்றும் உள்ளே ஓடும். நல்ல பயிற்றுநர் முதல் நாளே எல்லாரையும் வேண்டுமென்றே தவறு செய்யச் சொல்வார். எதையாவது அழியுங்கள், எதையாவது மூடுங்கள், சரி, இப்போது திரும்பக் கொண்டுவருவோம். ஒரு மணி நேரம் வீணானதுபோல இருக்கும். அதற்குப் பிறகு வகுப்பின் முகமே மாறிவிடும். ஓடிபி விஷயத்தையும் ‘யாருக்கும் சொல்லாதீர்கள்’ என்று அறிவுரையாக விடாமல், ஒருவர் மோசடிக்காரராக நடித்துப் போன் செய்ய, மற்றவர் பதில் சொல்லிப் பழகினால்தான் மனத்தில் நிற்கும்.

எத்தனை மணி நேரம் வேண்டும்? இந்திய அரசு 2017-இல் தொடங்கிய கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் வீட்டுக்கு ஒருவர் என்று 6 கோடிக் குடும்பங்களை இலக்காக வைத்தது. பாடம் 20 மணி நேரம். அவ்வளவு பேரை எட்ட வேண்டுமென்றால் அவ்வளவுதான் முடியும் என்பது புரிகிறது. ஆனால் 20 மணி நேரம் தண்ணீரில் இறங்கிப் பயம் தெளியப் போதும், ஆற்றைக் கடக்கப் போதாது. பிழைப்புக்கு உதவும் பயிற்சிக்கு வகுப்பைவிட அதற்குப் பிறகான மாதங்கள்தான் முக்கியம். நாலு பேர் வாரம் ஒருமுறை கூடி, யாருக்கு என்ன சிக்கல் வந்தது என்று பேசும் ஏற்பாடு இருந்தால்கூடப் போதும்.

யார் கற்றால் ஊருக்கு நல்லது?

ராஜஸ்தானின் திலோனியாவில் 1972-இல் பங்கர் ராய் என்ற சமூகப் பணியாளர் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரி இதற்கு ஒரு வேடிக்கையான பதில் வைத்திருக்கிறது: பாட்டிகள். எழுதப் படிக்கத் தெரியாத, நடுவயது தாண்டிய பெண்களை வெவ்வேறு நாடுகளிலிருந்து அழைத்துவந்து, வண்ணங்களையும் சைகைகளையும் வைத்தே ஆறு மாதத்தில் சூரிய மின்விளக்கு அமைக்கவும் பழுது பார்க்கவும் கற்றுத்தருகிறார்கள். ஏன் பாட்டிகள்? இளைஞருக்குச் சான்றிதழ் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுவார், பாட்டி ஊரிலேயே இருப்பார் என்பது ராயின் வாதம். சோலார் விளக்கு என்பது கணினி இல்லைதான். ஆனால் படிப்பறிவு இல்லாவிட்டால் தொழில்நுட்பம் வராது என்ற எண்ணத்தை இதைவிட நன்றாக உடைத்தது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் என்றாலே வேறு சில ஆணிகளையும் பார்க்க வேண்டும். போன் யாருடையது? வகுப்புக்கு வரும் நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது? இருட்டியபின் வீடு திரும்ப முடியுமா? பாடத்திட்டத்தில் இவை ஒன்றும் இருக்காது. வருகைப் பதிவேட்டில் மட்டும் எல்லாம் தெரியும்.

2006-இல் இந்தியாவில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சி இன்னொரு பாதையைக் காட்டியது. விவசாயிகளுக்கு நிபுணர் பேசும் படம் காட்டுவதற்குப் பதிலாக, அதே வட்டார விவசாயிகளை வைத்து, அவர்கள் பேச்சுவழக்கிலேயே சிறு வீடியோக்களை எடுத்து ஊர்க்கூட்டத்தில் காட்டினார்கள். நம்மைப் போல ஒருவர் செய்து காட்டினால் நாமும் செய்யலாம் என்று தோன்றும். வீடியோ எடுக்கக் கற்ற உள்ளூர் ஆட்களுக்கு அது ஒரு திறனாகவும் மிஞ்சியது.

பணம் எந்த வழியில் வரும்?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உள்ளூர்ப் பொருளை வெளியே விற்பது. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் டோங்ஃபெங் என்ற கிராமம். 2006 வாக்கில் ஊர் திரும்பிய ஓர் இளைஞர் இணையத்தில் மரச்சாமான் விற்கத் தொடங்கினார். அக்கம்பக்கத்தார் பார்த்துக் கற்றார்கள், ஊரே மரச்சாமான் ஊரானது. வகுப்பறை என்று ஒன்று இருக்கவில்லை, பக்கத்து வீடுதான் வகுப்பறை. கூடவே ஒரு தலைவலியும் வந்தது. எல்லாரும் ஒரே மாதிரி அலமாரி செய்து, ஒருவரை ஒருவர் விலையில் வெட்டிக்கொண்டார்கள். பயிற்சி நடத்துபவர்கள் இதை மறக்கக்கூடாது. ஐம்பது பேருக்கு ஒரே தொழிலைக் கற்றுக்கொடுத்தால் ஐம்பது போட்டியாளர்களை உருவாக்கியிருக்கிறோம்.

இரண்டாவது, வெளி வேலையை ஊருக்குக் கொண்டுவருவது. கம்போடியாவின் புனோம் பென்னில் 2001-இல் தொடங்கிய டிஜிட்டல் டிவைட் டேட்டா என்ற அமைப்பின் முதல் வேலை, அமெரிக்காவின் ஹார்வர்ட் மாணவர் நாளிதழின் பழைய இதழ்களைக் கணினியில் ஏற்றுவது. ஏழை இளைஞர்கள் தட்டச்சு செய்து சம்பாதித்தபடியே படிக்கவும் செய்தார்கள். வேலையோடு படிப்பையும் சேர்த்ததுதான் அதில் புத்திசாலித்தனம். ஏனென்றால் டேட்டா என்ட்ரி மாதிரியான வேலைகளை இயந்திரம் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். அதை மட்டும் கற்றவர் சில வருடங்களில் மறுபடி தொடக்கத்துக்கே வந்துவிடுவார்.

மூன்றாவது வழி கவர்ச்சியே இல்லாதது: இருக்கும் வேலையைச் சற்று நன்றாகச் செய்வது. பிளம்பர் இணைய வரைபடத்தில் தன் பெயரைப் போட்டுவைப்பது, கடன் பாக்கியை நோட்டிலிருந்து ஆப்புக்கு மாற்றுவது, நலத்திட்ட விண்ணப்பத்தை இடைத்தரகர் இல்லாமல் தானே போடுவது. எந்தப் பத்திரிகையும் இதைச் செய்தியாக்காது. ஆனால் அதிகம் பேருக்கு, அதிக சீக்கிரம் பலன் தருவது இதுதான் என்பது என் கணிப்பு. வடகரா மீனவர்கள் செய்ததும் இதைத்தானே?

உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பயிற்சி வந்து, சேரலாமா என்று யோசித்தால், நடத்துபவரிடம் எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். போன தடவை கற்றவர்களில் இரண்டு பேரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். அவர்களிடம், இன்றும் எதைப் பயன்படுத்துகிறீர்கள், அதனால் என்ன வந்தது என்று கேளுங்கள். என் சொந்தப் போனிலேயே கற்கலாமா என்று கேளுங்கள், மையத்துக் கணினியில் கற்றது வீட்டுப் போனில் கைகொடுப்பது அபூர்வம். கடைசியாக, வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் போவது? பதிலாக ஓர் ஆளின் பெயரும் தெருவும் வந்தால் தைரியமாகச் சேருங்கள். ‘எங்கள் இணையதளத்தில் எல்லாம் இருக்கிறது’ என்று வந்தால், அங்கே இன்னும் ஓர் ஆணி பூட்டப்படவில்லை.